பின்கட்டுக்கு வராத வைஃபை

எங்கள் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அவளோடு வீடியோவில் பேசுவதென்றால் என் மனைவி எட்டு மாதமாகக் கூடத்தில் வந்து உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தாள். பின்கட்டில் இருந்து பேசினால் படம் உறைந்துவிடும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி விட்டுவிட்டு வரும். அங்கே செல்போன் சிக்னலும் கிடையாது. நான் இதைப் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. அவள் பேசும்போது டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தேன், அதுவே பெரிய தியாகம் என்று எண்ணிக்கொண்டேன்.

போன தை மாதம் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, நான் அம்மாகிட்ட தனியாப் பேசி எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? எப்பப் பேசினாலும் நீங்க பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. உங்களைக் குத்தம் சொல்லலப்பா. அந்த நெட்டைக் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க."

சுருக்கென்றது. அம்மாவும் பெண்ணும் பேசிக்கொள்ள எத்தனையோ இருக்கும். எட்டு மாதமாக அவர்கள் பேசியதெல்லாம் என் காது கேட்கப் பேசக் கூடியதை மட்டும்தான். அதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. நான் தொலைபேசித் துறையில் 34 வருஷம் வேலை பார்த்தவன். ஊரில் எத்தனையோ வீட்டு லைனைச் சரி செய்துவிட்டு, சொந்த வீட்டில் பழுது எங்கே என்று பார்க்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது, பணம் கட்டினேன். முதலில் எங்களுக்கு இருந்தது 100 எம்பிபிஎஸ் திட்டம். (இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு டாக்டர் படிப்புதான் நினைவுக்கு வருகிறது. வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்று அர்த்தம். இனிமேல் மெகாபிட் என்றே எழுதுகிறேன்.) பின்கட்டில் வேகம் இல்லை என்று புகார் கொடுத்தபோது வந்த பையன், வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு, "சார், பிளானை 300க்கு மாத்திடுங்க, பறக்கும்" என்றான். மாற்றினேன். மாதம் முந்நூற்றுச் சொச்சம் ரூபாய் கூடுதல். எதுவும் பறக்கவில்லை.

அந்தப் பையனிடம் என் மனைவி ஒன்று சொன்னாள். "தம்பி, அந்தப் பீரோவுக்கு இந்தப் பக்கம் நின்னா நல்லா வருது, அந்தப் பக்கம் போனா நின்னுடுது." நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். இந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் 198க்குப் புகார் வந்தால் முதல் வேலை என்ன தெரியுமா? கருவியை மாற்றுவதும் இல்லை, கேபிளை மாற்றுவதும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் டெஸ்ட் டெஸ்க்கில் லைனைப் பார்ப்பார்கள். பிறகு லைன்மேன் கம்பத்து டிபி பெட்டியைத் திறந்து, தன் கையில் இருக்கும் டெஸ்ட் போனை மாட்டிக் கேட்பார். "கம்பத்துல டோன் இருக்கா?" அதுதான் கேள்வி. இருந்தால் பழுது வீட்டுக்குள், இல்லாவிட்டால் வெளியே. வெளியே என்றால் பில்லர் பெட்டி, அதற்கப்புறம் எக்ஸ்சேஞ்ச் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போவோம். பாதிப் பாதியாக விலக்கிக்கொண்டே போனால் எப்பேர்ப்பட்ட பழுதும் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ளும். செப்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது, கேள்வி மட்டும் அதேதான்.

மகள் பேசிய மறுநாள் என் அண்ணன் மகனின் லேப்டாப்பை இரவல் வாங்கி வந்தேன். எங்கள் வீட்டுக்குள் ஃபைபர் வந்து சேரும் இடத்தில் வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஓஎன்டி என்பார்கள், ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது அதுதான். அதிலிருந்து ஒரு சின்ன வயர் ரவுட்டருக்குப் போகிறது, ரவுட்டர்தான் வைஃபையைக் காற்றில் விடுகிறது. சில வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்.

முதலில் வைஃபையை மறந்துவிட்டு, லேன் வயரை நேராக ஓஎன்டியில் செருகி வேகத்தைப் பார்த்தேன். ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் பக்கமும் ஃபாஸ்ட் டாட் காமும் போதும், இரண்டும் இலவசம். 290 காட்டியது. ஆக, கம்பத்தில் டோன் இருக்கிறது! கம்பெனிக்காரன் சொன்ன சரக்கு வாசல் வரை வந்துவிட்டது.

அடுத்து அதே வயரை ரவுட்டரில் செருகினேன். 94.

திரும்பத் திரும்பப் பார்த்தேன், 94க்கு மேல் ஏறவே இல்லை. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயரில் சோதிக்கும்போது 90க்கும் 95க்கும் நடுவில் வந்து அசையாமல் நின்றால், எங்கோ 100 மெகாபிட் அளவுள்ள குறுகலான வாசல் ஒன்று இருக்கிறது என்று பொருள். என் ரவுட்டரைத் திருப்பி அடியில் இருந்த சின்ன எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். போர்ட் எல்லாம் 10/100. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 300 என்று போட்டிருந்தது, அது காற்றில் விடும் வேகத்துக்குக் காகிதத்தில் போட்ட கணக்கு. உள்ளே நுழையும் வாசலே 100 என்னும்போது, 300 கட்டினாலும் 500 கட்டினாலும் வருவது 94தான். எட்டு மாதம் கூடுதல் பணம் கட்டியிருக்கிறேன், ஒரு துளிகூட ரவுட்டரைத் தாண்டி உள்ளே வரவில்லை.

சில சமயம் ரவுட்டர் சரியாக இருந்து வயர் சதி செய்யும். லேன் வயருக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், 1000க்கு நான்கும் வேண்டும். எலி கடித்தோ, முனையில் சரியாக அழுத்தாமலோ ஒரு ஜோடி போய்விட்டால் எல்லாம் ஓடுகிற மாதிரியே இருக்கும், வேகம் மட்டும் 94க்கு இறங்கிவிடும். ஜோடி ஜோடியாகக் கம்பி பார்த்தே வாழ்ந்த எனக்கு இதைப் படித்தபோது பழைய சிநேகிதனைச் சந்தித்த மாதிரி இருந்தது.

இனி வைஃபை. போனை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். கூடத்தில் 40. முற்றத்தில் 15. பின்கட்டில் 2, சில சமயம் அதுவும் இல்லை. 2023 ஜனவரியில்தான் பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 மெகாபிட் இருக்க வேண்டும் என்று அரசு வரையறுத்தது, அதற்கு முன் 512 கிலோபிட்தான். சட்டப்படி பார்த்தால் என் மனைவிக்குப் பின்கட்டில் பிராட்பேண்ட் கிடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது!

எங்கள் கும்பகோணத்துப் பழைய வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். அகலம் கம்மி, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், சமையலறை, பின்கட்டு, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கூடத்துக்கும் உள்ளுக்கும் நடுவே ஒன்றரை அடிச் செங்கல் சுவர். அந்தச் சுவரை ஒட்டி, கல்யாணத்துக்கு வாங்கிய இரும்புப் பீரோ. ரவுட்டர் எங்கே இருந்தது? கூடத்தில், டிவிக்குப் பின்னால், பீரோவுக்கு நாலடி தள்ளி. அதன்மேல் பூ வேலைப்பாடு செய்த துணி ஒன்று போர்த்தியிருந்தது. ரேடியோவுக்குத் துணி, டிவிக்குத் துணி என்று பழகிய வீடு, ரவுட்டருக்கு மட்டும் விட்டுவிடுவோமா? துணியால் சிக்னல் பெரிதாகக் குறையாது, ஆனால் பெட்டி சூடேறித் திணறும்.

இரும்பு, தண்ணீர், கனமான சுவர் மூன்றும் வைஃபைக்கு எதிரி. பீரோ, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, ஆளுயரக் கண்ணாடி, டிவியின் முதுகு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். என் மனைவி "அந்தப் பீரோவுக்கு அந்தப் பக்கம் நின்னுடுது" என்று சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கையில் ஒரு கருவியும் இல்லாமல், போனைப் பிடித்துக்கொண்டு நடந்தே பழுதைக் கண்டுபிடித்தவள் அவள். கேட்டுச் சிரித்தவர்கள் ஒரு ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியரும் ஒரு ஃபைபர்க்காரப் பையனும்.

சரி, ரவுட்டர் ஏன் கூடத்தில் இருந்தது? ஃபைபர் தெருக் கம்பத்திலிருந்து முன்பக்கமாக வருகிறது, வந்த இடத்திலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நானும் கூடத்தில்தான் இருப்பேன், கிரிக்கெட் நன்றாகத் தெரிந்தது, அதனால் யாரும் கேட்கவில்லை. நான் பார்த்த அளவில் பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான். வீட்டு ஆண்பிள்ளையின் நாற்காலிக்குப் பக்கத்தில் ரவுட்டர் இருக்கிறது, அவருக்கு வேகம் வந்தால் வீட்டுக்கே வேகம் வந்ததாகக் கணக்கு. பேரன் மாடியில் பாடம் படிக்கிறான், அம்மா சமையலறையில் நின்று பேசுகிறாள். அவர்கள் "வரலை" என்று சொன்னால் போன் பழசு என்கிறோம்.

நான் செய்தது இதுதான். ஓஎன்டி இருந்த இடத்திலேயே இருந்தது, ஃபைபரைத் தொடவில்லை. அதை நாமாக இழுக்கவோ சுண்டு விரல் அளவுக்கு மடக்கவோ கூடாது, மடங்கிய இடத்தில் ஒளி கசிந்துவிடும். லேன் வயர் அப்படியில்லை, 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். 20 மீட்டர் கேட் சிக்ஸ் வயர் வாங்கி, எலக்ட்ரீஷியனை வைத்து உத்தரத்தை ஒட்டிக் கொண்டுபோய், முற்றத்துத் தாழ்வாரத்தில் ஏழடி உயரத்தில் ஒரு பலகை அடித்து, அதே பழைய ரவுட்டரை அதன்மேல் வைத்தேன். ஆண்டெனாவை நேராக நிமிர்த்தினேன். பின்கட்டில் 20 வந்தது!

கவனியுங்கள், ரவுட்டர் பழையதுதான். ஒரு வீடியோ அழைப்புக்கு நாலு மெகாபிட் இருந்தால் நன்றாகவே ஓடும். பெரிய டிவியில் நல்ல தெளிவோடு படம் பார்க்க 5 போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது, மிக உயர்ந்த 4கே படத்துக்குத்தான் 15. இரண்டு கிழங்கள் இருக்கிற வீட்டில் 300 மெகாபிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உங்கள் வீட்டிலும் வேகம் இல்லையென்றால், பெரிய திட்டத்துக்கு மாறச் சொல்கிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள். "வயரில் போட்டுப் பார்த்தீர்களா?" பார்க்காமல் சொல்கிறவர் வியாபாரம் பேசுகிறார், அவ்வளவுதான். அந்தப் பையனையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்க வேண்டுமோ அவனுக்கு. ஆனால் எங்கள் நாளில் புது போன் வைத்தால், அந்த வீட்டிலிருந்தே டெஸ்ட் டெஸ்க்குக்குப் பேசி, சரி என்று பதில் வாங்கிய பிறகுதான் கிளம்புவோம். இன்று இணைப்பு கொடுக்கிற கம்பெனிகள், ஆள் கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு அறையிலும் வேகம் எவ்வளவு என்று அளந்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பத்து நிமிஷ வேலை. அதைச் செய்தால் பாதிப் பேர் பெரிய திட்டத்துக்கு மாற மாட்டார்கள், அதனால்தான் செய்வதில்லையோ என்னவோ.

வயரில் போட்டும் வேகம் இல்லையென்றால் கதை வேறு, பழுது அவர்கள் பக்கம். ஓஎன்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை. விளக்கு பச்சையாக இருந்தும் மந்தம் என்றால், வருகிறவரிடம் "ஆப்டிகல் பவர் எவ்வளவு?" என்று கேளுங்கள், சட்டென்று மரியாதை கூடும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை, மைனஸ் 27ஐத் தாண்டினால் வழியில் எங்கோ ஃபைபர் கெட்டிருக்கிறது. எங்கள் தெருவில் அதற்குக் காரணம் பெரும்பாலும் குரங்கு. பகலில் நன்றாக இருந்து இரவு எட்டிலிருந்து பத்து வரை மட்டும் குறைந்தால், ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பதும், அவர்களுடைய மேல் இணைப்பில் நெரிசல் இருப்பதும் காரணமாகலாம். தேதி, நேரம் போட்டு ஒரு வாரம் குறித்து வைத்துப் புகார் கொடுங்கள், டாக்கெட் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீர்க்காவிட்டால் அதே நிறுவனத்தில் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருந்தாக வேண்டும், டிராய் விதி அப்படி.

பிறகு புது ரவுட்டரும் வாங்கினேன். பழையதே போதும் என்று சொல்லிவிட்டு ஏன் வாங்கினாய் என்றால், கொஞ்சம் ஆசை, கொஞ்சம் காரணம். பழையதில் 2.4 என்ற ஒரே அலைவரிசைதான். அது தூரம் போகும், ஆனால் அதில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் மூன்றே, 1, 6, 11. ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கிற எங்கள் தெருவில் என் போனில் 14 வீட்டு வைஃபை தெரிகிறது. மூன்று பெஞ்சில் பதினான்கு பேர் உட்கார்ந்த கதை. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், வேகமும் அதிகம், சுவரைத் தாண்டும்போது மட்டும் சோர்ந்துவிடும். அதனால் இரண்டும் உள்ள டூயல் பேண்ட் ரவுட்டராக வாங்க வேண்டும். போர்ட்டுகள் கிகாபிட்டா என்று பார்க்க வேண்டும், 10/100/1000 என்று போட்டிருக்கும். வைஃபை 6 இருந்தால் நல்லது, நம் போன் பழசாக இருந்தால் வைஃபை 5க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வைஃபை 7 நமக்கு வேண்டாம்.

கடைக்காரர் ஏசி 1200 என்று காட்டினால் 1200 வரும் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு அலைவரிசைக்கு 300, இன்னொன்றுக்கு 867, இரண்டையும் கூட்டி மேலே கொஞ்சம் போட்டு எழுதிய எண் அது. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்கும், அதிலும் பாதி வந்தால் அதிர்ஷ்டம். ஆண்டெனா எட்டு இருப்பதாலும் ஒன்றும் ஆகிவிடாது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அப்பாவுக்கென்று ஆன்லைனில் அனுப்பிவைக்கும், வண்ண விளக்கு எரியும் விளையாட்டு ரவுட்டர்களையும் இரண்டு வீட்டில் பார்த்துவிட்டேன். இரண்டுமே பீரோவுக்குப் பின்னால் இருந்தன. ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் பழைய தொலைபேசிக் கம்பிக்கான ஏடிஎஸ்எல் மோடத்தைத் தப்பித்தவறி வாங்கிவிடாதீர்கள், சில கடைகளில் அந்தச் சரக்கு இன்னும் கிடக்கிறது.

மாடி வீட்டுக்காரர்கள் எக்ஸ்டெண்டர் என்ற செருகு பெட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள். அது ஒரே வாயால் கேட்டு, அதே வாயால் திருப்பிச் சொல்கிறது, அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். முடிந்தால் மாடிக்கு ஒரு வயர் இழுத்து, கழற்றிய பழைய ரவுட்டரையே ஆக்சஸ் பாயிண்ட்டாக மாட்டிவிடுங்கள். என் பழையது இப்போது அண்ணன் வீட்டு மாடியில் அப்படித்தான் ஓடுகிறது. டிவி போல நகராத சாமான்களுக்கு வயரே நல்லது. மின்வெட்டுக்காக ரவுட்டருக்கும் ஓஎன்டிக்கும் சேர்த்து ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கினேன், அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் ஒத்துப்போகிறதா பார்த்து வாங்க வேண்டும்.

புது ரவுட்டர் தாழ்வாரத்துப் பலகையில் உட்கார்ந்த பிறகு பின்கட்டில் 60 வருகிறது. மனைவி துணியோடு வந்தாள், வேண்டாம் என்றேன். "தூசி படியுமே" என்றாள். வாரம் ஒரு முறை துடைப்பது என் பொறுப்பு என்று முடிவாயிற்று.

திட்டத்தை மறுபடி 100க்கு இறக்கச் சொல்லிவிட்டேன். கஸ்டமர் கேரில் பேசிய பெண், "ஏன் சார் குறைக்கிறீங்க, சர்வீஸ்ல ஏதாவது குறையா?" என்று நான்கு தடவை கேட்டாள். குறை எங்கள் வீட்டுப் பீரோவில் இருந்தது என்று சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு மகள் கூப்பிட்டாள். மனைவி போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்தரை வரை கதவு திறக்கவில்லை. நடுவில் ஒரு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அன்றைய காபியை நானே போட்டுக்கொண்டேன்.